குத்துமதிப்பு முதல் கண்டுமுதல் வரை: நாட்டின் அரிசி விளைச்சலை எப்படிக் கணிக்கிறார்கள்?

2025 மே மாதக் கடைசியில் ஒரு காலை, புதுச்சேரியை அடுத்த பாகூரிலிருந்து என் தாய்மாமா போன் செய்தார். கையில் பேப்பரை வைத்துக்கொண்டு பேசுகிறார் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. "இன்னா மாப்ள, அரிசி விளைச்சல் இந்த வருஷம் சாதனையாம். நம்ம வயலு எந்த நாட்டுல கெடக்குது?"

கேட்டதில் நியாயம் இருந்தது. அதற்கு ஆறு மாதம் முன்னால், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து, கடலூரிலும் பாகூர்ப் பக்கத்து ஊர்களிலும் புகுந்தது. மாமாவின் மூன்று காணி சம்பாவும் ஒரு வாரம் தண்ணீருக்குள் கிடந்தது.

ஆனால் பேப்பரில் வந்ததும் பொய்யில்லை. அந்த ஆண்டில் நாட்டின் அரிசி விளைச்சல் 1,490 லட்சம் டன் என்று அப்போது மதிப்பிட்டிருந்தார்கள். பிறகு வந்த இறுதிக் கணக்கில் அது 1,500 லட்சத்தையும் தாண்டியது. தமிழ்நாட்டின் பங்கு இதில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து. உத்தரப் பிரதேசம், தெலங்கானா, மேற்கு வங்கம், பஞ்சாப் ஆகிய மாநிலங்களில் நன்றாக விளைந்தால், தென்பெண்ணைக் கரை முழுவதும் மூழ்கினாலும் தேசிய எண் அசையாது.

அதை மாமா புரிந்துகொண்டார். அடுத்த கேள்விதான் கஷ்டமானது. "சரி, இவ்ளோ நெல்ல யார் எண்ணுனா?"

டீக்கடையில் இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, எல்லாம் ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிற எண். இன்னொன்று, சாட்டிலைட் மேலேயிருந்து எல்லாவற்றையும் பார்த்துச் சொல்லிவிடுகிறது. இரண்டுமே உண்மைக்குத் தூரம்.

கல்யாணச் சமையல்காரர் கணக்கு

நிச்சயதார்த்தத்தின்போது சமையல்காரர் "எத்தனை இலை?" என்று கேட்பார். பெண் வீட்டார் "ஐநூறு இருக்கும்" என்பார்கள். அது வெறும் குத்துமதிப்பு. பத்திரிகை கொடுத்து முடித்த பிறகு அதே கேள்விக்கு அறுநூற்றைம்பது என்று பதில் வரும். முதல் நாள் ராத்திரி மண்டபத்தில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அவரே ஒரு படி அரிசியைக் கூட்டிப் போடுவார். கடைசிப் பந்தி முடிந்து இலையை எண்ணினால்தான் உண்மை தெரியும். ஒரே கல்யாணத்துக்கு நான்கு எண்கள். அதற்காகச் சமையல்காரரைப் பொய்யர் என்று யாரும் சொல்வதில்லை.

நாட்டின் விளைச்சல் கணக்கும் இப்படித்தான். அறுவடைக்கு முன்பே சொல்வது முன்கணிப்பு. சில வயல்களை அளந்து பார்த்து, அதை வைத்து மொத்தத்தைச் சொல்வது மதிப்பீடு. மத்திய வேளாண் அமைச்சகம் ஒரே பயிர் ஆண்டுக்கு இவற்றைப் பல தவணைகளில் வெளியிடுகிறது: அக்டோபர், நவம்பர் வாக்கில் முதலாவது, பிப்ரவரி, மார்ச்சில் அடுத்தது, மே, ஜூனில் இன்னொன்று, ஆண்டு முடிந்த பிறகு இறுதிக் கணக்கு. முதல் எண் வரும் நேரத்தில் காட்டுமன்னார்கோவில் பக்கம் சம்பா நட்டு வேர் பிடித்துக்கொண்டிருக்கும். வடக்கே பாதி வயலில் அறுவடையே முடிந்திருக்காது. அந்த எண்ணைப் 'பந்தி முடிந்த கணக்கு' என்று படிப்பதுதான் பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம்.

எவ்வளவு மாறும் என்பதற்கு 2023 நல்ல உதாரணம். பசிபிக் கடல் சூடேறி நம் பருவமழையைக் குறைத்துவிடும் எல்நினோ ஆண்டு. ஆகஸ்ட் மாதம் நாடு முழுக்க மழை பொய்த்தது. 1901-க்குப் பிறகு அவ்வளவு வறண்ட ஆகஸ்ட் இல்லை. காரிஃப் பருவ அரிசி, அதாவது தென்மேற்குப் பருவமழையோடு விதைக்கும் போக அரிசி, 1,063 லட்சம் டன் வரும் என்றது முதல் மதிப்பீடு. இறுதியில் கணக்கு முடிந்தபோது 1,132 லட்சம். வித்தியாசம் ஏறத்தாழ 70 லட்சம் டன், தமிழ்நாடு ஓராண்டில் விளைவிக்கும் அரிசிக்கு நெருக்கமான அளவு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஒரே ஆண்டுக்குப் பல எண்கள் வரும். முந்தைய எண்ணில் யூகம் அதிகம், பிந்தையதில் அளவை அதிகம்.

பெருக்கல் ஒன்றுதான்

விளைச்சல் கணக்குக்குப் பின்னால் இருப்பது மூன்றாம் வகுப்புப் பெருக்கல். எத்தனை ஹெக்டேரில் பயிர், ஒரு ஹெக்டேருக்கு எவ்வளவு. முதலாவது பரப்பு, இரண்டாவது மகசூல். இரண்டையும் பெருக்கினால் உற்பத்தி. இந்தியாவில் நெல் பரப்பு ஏறத்தாழ 5 கோடி ஹெக்டேர். மகசூல் கணக்கில் ஹெக்டேருக்கு நூறு கிலோ பிசகினால் மொத்தத்தில் 50 லட்சம் டன் பிசகும். ஏக்கருக்குப் பார்த்தால் அது நாற்பது கிலோ, கொள்முதல் நிலையத்தில் பிடிக்கும் ஒரே ஒரு சிப்பம். அவ்வளவு சின்னப் பிசகு.

பரப்பு: அடங்கலிலிருந்து டெல்லி வரை

கொள்முதல் நிலையத்தில் நெல் போடப் போனால் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். பயிர்க் காப்பீட்டுக்கும் அடங்கல் வேண்டும். நம்மில் பலருக்கு அடங்கல் என்றால் வி.ஏ.ஓ.விடம் அலைந்து வாங்கும் ஒரு தாள், அவ்வளவுதான். அந்தத் தாள் எதற்காகப் பிறந்தது என்று யோசிப்பதில்லை. எந்தச் சர்வே எண்ணில், எந்தப் போகத்தில், என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று பசலிதோறும், அதாவது வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கின்படி, கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பதிவு அது. நாட்டின் விளைச்சல் கணக்குக்கு முதல் செங்கல் அங்கேதான் வைக்கப்படுகிறது.

பசலி ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிகிறது. அரசின் பயிர் ஆண்டும் அப்படியே. ஆகவே '2024-25 விளைச்சல்' என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை, அதாவது பசலி 1434. பட்ஜெட் ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, நெல் கொள்முதல் ஆண்டு என்று இன்னொன்று இருக்கிறது. மூன்றையும் ஒன்றாகக் கலந்து "போன வருஷத்தைவிடக் குறைவு" என்று எழுதும் செய்திகளை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

எல்லாக் கிராமத்து அடங்கலும் வந்து சேரும்வரை காத்திருந்தால் முன்கணிப்பே சொல்ல முடியாது. அதனால் ஆண்டுதோறும் ஐந்தில் ஒரு கிராமத்தைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, அங்கே மட்டும் சீக்கிரமாகப் பரப்பை எடுத்து, அதை வைத்து மாநிலத்துக்குச் சொல்லும் ஏற்பாடு உண்டு. எழுதுகிறவர் வயலுக்குப் போகாமல் போன பசலியைப் பார்த்து எழுதினால் எல்லாம் வீண் என்பதும் உண்மை. அதனால்தான் இப்போது வயலில் நின்று போனில் படமெடுத்துப் பதிவு செய்யும் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு வந்திருக்கிறது. 2024 நவம்பரில் தமிழ்நாட்டில் வேளாண் கல்லூரி மாணவர்கள் சேற்றில் இறங்கி இந்த வேலையைச் செய்தார்கள்.

மகசூல்: நான்கு முளைக்குச்சியும் ஒரு கயிறும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். மாதிரி எடுத்து மொத்தத்தைச் சொல்லும் முறைக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது. ஆனால் பழமொழியில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: பானையைக் கிளறியிருக்க வேண்டும். அடியில் குழைந்து மேலே அரைவேக்காடாக இருக்கும் சோற்றில் மேலாக ஒரு பருக்கை எடுத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம். வயல் கிளற முடியாத பானை. வாய்க்கால் தலைமாட்டில் கதிர் தலைசாய்ந்து நிற்கும், கடைமடையில் பாதி கருக்காய். பின் எப்படி?

வழி எளிது. எந்த இடத்தை அறுப்பது என்பதை மனிதர் யாரும் முடிவு செய்யக் கூடாது. இதற்குப் பெயர் பயிர் அறுவடைப் பரிசோதனை. நான் ஒரு முறை புவனகிரிப் பக்கம் தை மாதத்தில் இதைக் கூடவே நின்று பார்த்தேன். வந்த அலுவலர் கையில் டேப், நான்கு முளைக்குச்சி, கயிறு, தராசு, ஒரு தாள். தாளில் ஏற்கெனவே குலுக்கல் எண்கள். வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, அந்த எண்ணின்படி நீளவாட்டில் இத்தனை, அகலவாட்டில் இத்தனை என்று நடந்து, நின்ற இடத்தில் முதல் குச்சியை அடித்தார். அங்கிருந்து ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம். எலி வெட்டிய திட்டு ஒன்று பாதிக்கு மேல் அதற்குள் விழுந்தது.

"சார், அந்தாண்ட வாங்க, கதிரு எவ்ளோ நல்லா நிக்குது பாருங்க" என்றார் வயல்காரர்.

"இல்லீங்க, எண்ணு இங்கதான் நிக்கச் சொல்லுது."

பக்கத்து வரப்பில் நின்ற இன்னொருவர் சிரித்தார். காப்பீடு செய்த வயலாக இருந்தால் இதே மனிதர் எலித் திட்டையே காட்டியிருப்பார் என்று. அதுவும் சரிதான், இதே பரிசோதனையை வைத்துத்தான் பயிர்க் காப்பீட்டு இழப்பீடும் முடிவாகிறது. நல்லதைக் காட்ட ஒருவருக்கு ஆசை, கெட்டதைக் காட்ட இன்னொருவருக்கு ஆசை. குலுக்கல் எண்ணுக்கு இரண்டுமே இல்லை.

சதுரத்துக்குள் இருந்ததை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட்டார்கள். 14 கிலோ வந்தது என்று வைத்துக்கொள்வோம். 25 சதுர மீட்டர் என்பது ஹெக்டேரில் நானூறில் ஒரு பங்கு. எனவே 14-ஐ 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு 5,600 கிலோ. நம் பேச்சில் ஏக்கருக்கு 75 கிலோ மூட்டையாக முப்பது. ஆனால் அது ஈர நெல். 22 சதவீத ஈரத்தோடு இருந்த 14 கிலோ, 14 சதவீதத்துக்குக் காயும்போது 12.7 கிலோவாகிவிடும். அதனால் ஒரு பகுதி மாதிரியைக் காயவைத்து மறுபடி எடை பார்ப்பதும் முறையில் உண்டு. அப்புறம் நெல்லை அரிசியாக்க வேண்டும். தேசியக் கணக்கு அரிசியில்தான் சொல்லப்படுகிறது, நெல்லில் அல்ல. நூறு கிலோ நெல்லுக்குப் பச்சரிசி 67 கிலோ, புழுங்கலரிசி 68 கிலோ என்பது அரசுக் கொள்முதலின் அளவு. களத்துமேட்டில் அடித்து அளந்து முப்பது மூட்டை கண்டுமுதல் பார்த்தவர், புள்ளிவிவரத்தில் ஹெக்டேருக்கு மூன்றரை டன்கூட இல்லையே என்று அதிர்ந்துபோவது இதனால்தான். ஈரமும் உமியும் தவிடும் கழிந்துபோயிருக்கும்.

ஏன் ஐந்து மீட்டர்? ஒரு மீட்டர் போதாதா, வேலை மிச்சமாகுமே என்று எனக்கும் தோன்றியது. இதற்குப் பின்னால் ஒரு பழைய சண்டை இருக்கிறது. 1920-களிலேயே பீகார், ஒரிசாவில் ஹப்பாக் என்ற ஆங்கிலேய அதிகாரி நெல் வயல்களில் குலுக்கல் முறையில் அறுத்துப் பார்த்தார். பிறகு வங்காளத்தில் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் சின்னச் சின்னத் துண்டுகளை அறுக்கும் முறையை வளர்த்தார். 1940-களில் இன்னொரு புள்ளியியல் அறிஞரான சுகாத்மே, துண்டு சிறிதானால் மகசூல் கூடுதலாகக் காட்டும் என்று வயலிலேயே நிரூபித்தார். காரணம் கயிறு. கயிற்றின் மேலேயே நிற்கும் தூரை உள்ளே சேர்ப்பதா, வெளியே விடுவதா? அரிவாள் பிடித்த கை பெரும்பாலும் உள்ளே சேர்த்துக்கொள்ளும். நான்கு பக்கமும் ஐந்து செ.மீ. அப்படிக் கூடினால், ஒரு மீட்டர்ச் சதுரத்தில் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். ஐந்து மீட்டர்ச் சதுரத்தில் 4 சதவீதம்தான். ஒரு பிடித் தூர் நாட்டின் கணக்கையே தூக்கிவிடும் என்பதை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இன்றும் அந்தக் கயிற்றுப் பக்கமே என் கண் போகிறது.

சுருக்கமாக: பரப்பு அடங்கலிலிருந்து வருகிறது, மகசூல் குலுக்கலில் விழுந்த சதுரங்களிலிருந்து வருகிறது. பல்லாயிரம் சதுரங்களின் சராசரி என்பதால் எலித் திட்டும் நல்ல கதிரும் தத்தம் பங்குக்கு உள்ளே வந்துவிடுகின்றன.

சாட்டிலைட் பார்ப்பது என்ன?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் ஊர் வானம் முக்கால்வாசி நாள் மூடியே கிடக்கும். சாதாரண கேமரா சாட்டிலைட்டுக்கு மேகம்தான் தெரியும். நெல்லுக்குப் பயன்படுவது ரேடார் சாட்டிலைட். தானே ரேடியோ அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கும் கருவி அது. மேகத்தையும் இருட்டையும் அது பொருட்படுத்தாது.

மழை பெய்த ராத்திரி கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு வண்டி ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும். காய்ந்த ரோட்டில் ஹெட்லைட் வெளிச்சம் நம் கண்ணுக்குத் திரும்பி வரும், ரோடு தெரியும். நனைந்த ரோட்டில் வெளிச்சம் வழுக்கி முன்னால் போய்விடும், ரோடு கறுப்பாகிவிடும். ரேடாருக்கும் அதே கதை. நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் கண்ணாடி மாதிரி இருக்கும், அலை திரும்பாது, படத்தில் கறுப்பு. பயிர் தூர் கட்டி உயர உயர அலை இலைகளில் சிதறித் திரும்புகிறது, படம் வெளுக்கிறது. கறுப்பாகத் தொடங்கி இரண்டு மூன்று மாதத்தில் வெளுக்கும் இடம் நெல். ஆண்டு முழுக்கக் கறுப்பாகவே இருந்தால் அது வீராணம் ஏரியாகவோ, கிள்ளைப் பக்கத்து இறால் குட்டையாகவோ இருக்கும். வெளுத்த வயல் டிசம்பரில் மறுபடி கறுத்தால் பயிர் மூழ்கிவிட்டது என்று அர்த்தம்.

ஆக, சாட்டிலைட் பரப்பை நன்றாகச் சொல்லும். கதிரில் பால் பிடித்ததா, பதராகப் போனதா என்பதை அதனால் நேராகப் பார்க்க முடியாது. அதற்குத் தராசுதான் வேண்டும். டெல்லியில் 2012-இல் தொடங்கிய மகலனோபிஸ் தேசியப் பயிர் முன்கணிப்பு மையம், சாட்டிலைட் படத்தையும் வானிலையையும் வயல் தகவலையும் சேர்த்து இந்த வேலையைச் செய்கிறது.

வானிலையைப் பற்றி ஒன்றே ஒன்று. பழைய ஆண்டுகளின் மழையையும் மகசூலையும் பொருத்திப் பார்த்து இந்த ஆண்டைக் கணிக்கலாம்தான். ஆனால் எந்த ஊர் மழை என்பது முக்கியம். காட்டுமன்னார்கோவில் குறுவை எப்படி இருக்கும் என்று தெரிய, ஜூன், ஜூலையில் குடகில் பெய்யும் மழையைப் பார்க்க வேண்டும். அது மேட்டூருக்கு வந்து, கீழணையில் தேங்கி, வடவாறு வழியாக நம்மிடம் வருகிறது. அதே மாவட்டத்தில் பண்ருட்டிப் பக்கம் போர் தண்ணீரில் நெல் வைப்பவருக்கு மேட்டூர் திறந்தால் என்ன, மூடினால் என்ன.

விளைந்தது வேறு, கிடைப்பது வேறு

விளைச்சல் கணக்கு முடிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. மாமா வீட்டில் நெல் கொட்டிவைக்கும் குதிர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். போன அறுவடையில் மிஞ்சியது கொஞ்சம், புதிதாக வந்தது கொஞ்சம். அதிலிருந்து விதைக்கு எடுத்துவைக்க வேண்டும், எலிக்கும் பூச்சிக்கும் கொஞ்சம் போகும், கைச்செலவுக்கு விற்க வேண்டும். மீதிதான் சாப்பாட்டுக்கு. நாட்டுக்கும் இதே கணக்குத்தான். உணவு தானியக் கணக்கில் விதை, தீவனம், சேதாரத்துக்கென்று மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழிப்பது நெடுநாள் வழக்கம். ஏற்றுமதியைக் கழித்து, பழைய கையிருப்பைச் சேர்த்தால் வருவதுதான் நாட்டுக்குக் கிடைக்கும் அளவு.

கையிருப்புக்கு ஒரு கீழ்வரம்பும் இருக்கிறது. ஜூலை 1 அன்று மத்தியத் தொகுப்பில், அதாவது மத்திய அரசின் கையிருப்பில், 135.4 லட்சம் டன் அரிசியாவது இருக்க வேண்டும் என்பது விதி. சமீப ஆண்டுகளில் கிடங்கில் இருந்தது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

முன்கணிப்பு எவ்வளவு தூரம் பாயும் என்பது இங்கேதான் தெரியும். 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை மத்திய அரசு நிறுத்தியது. முதல் மதிப்பீடே அப்போது வரவில்லை. விலை ஏறிக்கொண்டிருந்தது, எல்நினோ பயம் இருந்தது. உலகச் சந்தைக்குப் போகும் அரிசியில் பத்தில் நான்கு பங்கு இந்தியாவுடையது என்பதால் ஆப்பிரிக்கா வரை விலை ஏறியது. தடை நீங்க 2024 செப்டம்பர் ஆயிற்று. அதற்குள் அந்த 70 லட்சம் டன் வித்தியாசம் வெளியே வந்திருந்தது. தடை போட்டது சரியா தப்பா என்பதை இந்த எண்ணை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் ஏற்றுமதியை நம்பி விலை பேசி வைத்திருந்த வியாபாரிக்கும் விவசாயிக்கும் அந்தப் பதினான்கு மாதங்கள் போனது போனதுதான்.

"அப்ப சாதனைன்னா கடையில வெல ஏன் எறங்கல?" இது என் அத்தையின் கேள்வி. புதுச்சேரியில் சில ஆண்டுகள் ரேஷன் அரிசிக்குப் பதிலாகப் பணமாகவே கணக்கில் போட்டார்கள்; அதனால் அந்த ஊர்க்காரர்களுக்குக் கடை விலை கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும். தேசிய எண்ணில் எல்லா அரிசியும் ஒன்றுதான். பஞ்சாபில் விளைந்து அரசுக் கிடங்குக்கே போகும் நெல்லும் அதில் இருக்கிறது. அத்தை கேட்பது பொன்னி. அதிலும் புது அரிசி குழையும், பழசாகத்தான் கொடு என்று கேட்டு வாங்குகிறவர். 25 கிலோ வரையுள்ள பைக்கு ஜிஎஸ்டி வந்த பிறகு மூட்டை 26 கிலோவாக மாறியதுகூட அவருக்குத் தெரியும். பழைய அரிசி என்றால் அறுத்து ஆறு மாதமாவது, சில சமயம் ஓராண்டாவது கிடங்கில் இருந்தது. மே மாதத்துப் பேப்பரில் சாதனை என்று வந்தபோது அத்தையின் உலையில் கொதித்துக்கொண்டிருந்தது அதற்கு முந்தைய பசலியின் நெல்.